தந்தையும் மைந்தனும்: உளப்பகுப்பியலார் கூறும் ஆளுமைக் கொள்கை பற்றிய ஒரு நோக்கு

ஆசிரியர் பயிற்சிக்கென எழுதப்படும் உளவியற் கைந்நூல்களிலே சிக்மண்ட் புரொய்டுக்கு ஓர் அதிகாரம் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டிருக்கும். ஆளுமையின் மூன்று கூறுகள், வளர்ச்சியின் ஐந்து படிகள், ஈடிப்பசுச் சிக்கல் ஆகியன அங்கே நிரல்படத் தரப்பட்டிருக்கும். பயிலும் ஆசிரியர் அவற்றை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிச் சித்தியும் எய்துவர். அதன் பின்னர் அக்கொள்கை பாடசாலைக்குள் நுழைவது பெரும்பாலும் வசைமொழியின் உருவிலேயாகும். அடங்காத சிறுவன் ஒருவனைக் குறித்து, 'இவனுக்குத் தகப்பன்மீது பகை; அதனை நம்மீது காட்டுகின்றான்' என்று ஆசிரியர் அறையிலே தீர்ப்புக் கூறப்படும். கூச்சமுள்ள பிள்ளை தாயின் முந்தானையை விடாத பிள்ளையெனப்படும். இத்தீர்ப்புகளுக்கு மேன்முறையீடு இல்லை. ஆளுமை ஐந்து வயதிற்குள் முற்றாக அமைந்துவிடும் என்பது மெய்யாயின், பதின்மூன்று வயதிலே நம்முன் வந்து அமரும் பிள்ளைக்கு ஆசிரியர் செய்யத்தக்கது யாது? வியன்னா நகரத்து வீடொன்றிலே கண்ட உண்மை கல்கத்தாவிலும் கதிர்காமத்திலும் மட்டக்களப்பிலும் செல்லுமா? இவ்விரு வினாக்களையும் மனத்திற்கொண்டு அக்கொள்கையைச் சிறிது ஆராய்வாம்.

1856 முதல் 1939 வரை வாழ்ந்த புரொய்ட், நனவுக்கு எட்டாத நனவிலி உள்ளம் ஒன்று மனிதனிடத்து உண்டென்றும், கனவு, நாத்தவறு, மறதி, நரம்பு நோய் ஆகியன அதன் வெளிப்பாடுகளென்றும் கருதினார். 1900ஆம் ஆண்டினதாக வெளிவந்த கனவு பற்றிய நூலிலே விரிவாகத் தொடங்கிய அவ்வாராய்ச்சி, 1923இல் அவர் எழுதிய மற்றொரு நூலிலே ஆளுமையின் மூன்று கூறுகளாக உருப்பெற்றது. அவற்றை 'இட்', 'ஈகோ', 'சுப்பர் ஈகோ' என நாம் வழங்குகின்றோம். இச்சொற்களைக் கேட்டவுடன் மாணவர் அஞ்சுவர். அவர்மேற் குற்றமில்லை. இவை ஆங்கில மொழிபெயர்ப்பாளர் இலத்தீனிலிருந்து கொணர்ந்தவை. புரொய்ட் தம் செர்மன் மொழியில் எழுதியவை 'அது', 'நான்', 'மேல்நான்' என்று பொருள்படும் எளிய சொற்களே. நம் வீடுகளிலும், 'ஏதோ ஒன்று என்னை அப்படிச் சொல்லப் பண்ணிற்று' என்று கூறுவார் உளர். அந்த 'ஏதோ ஒன்று' புரொய்டின் 'அது' என்பதற்கு மிக அணித்தாயது. இன்பத்தையன்றிப் பிறிதொன்றையும் நாடாத 'அது', புறவுலகோடு இணங்கிச்செல்ல முயலும் 'நான்', இரண்டையும் கண்காணித்துக் கடியும் 'மேல்நான்' என மூன்றும் ஓருள்ளத்திலே பொருதும் என்பது அவர் கருத்து.

வளர்ச்சிப் படிகளைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. குழந்தை இன்பம் பெறும் உடலிடம் வாய், குதம், பாலுறுப்பு என முறையே பெயருமென்றும், பின்னர்ப் பாலுணர்வு சிலகாலம் ஓய்ந்திருந்து பூப்புப் பருவத்திலே முதிர்ச்சியை நோக்குமென்றும் அவர் கூறினார். இவற்றுள் மூன்றாம் படியே கொள்கையின் அச்சாணி. மூன்று முதல் ஐந்து வயது வரையிலான ஆண்குழந்தை தாயைத் தனக்கே உரியவளாக்க விரும்பித் தந்தையைப் போட்டியாளனாகக் கருதும். தந்தை தன் ஆண்மையை அறுத்துவிடுவான் என்று அஞ்சும். அவ்வச்சத்தினால் தன் விருப்பத்தை ஒடுக்கித் தந்தையின் கட்டளையைத் தன்னுள் ஏற்கும். அவ்வாறு உள்ளே குடிபுகுந்த தந்தையே 'மேல்நான்' ஆவான். பெண்குழந்தையைப் பற்றிப் புரொய்ட் கூறியவை அவருக்கே நிறைவளிக்கவில்லை. கரென் ஹோர்னி என்னும் பெண்மருத்துவர் அவற்றை 1920களிலேயே மறுத்துரைத்தார்.

இக்கொள்கைக்குச் சான்று யாது? குழந்தைகளின் வளர்ச்சி பற்றிப் பேசும் புரொய்ட் குழந்தைகளோடு பழகி ஆராய்ந்தது மிகச் சிறிது. வளர்ந்த நோயாளர் தம் இளமை பற்றிக் கூறியவற்றிலிருந்து பின்னோக்கி ஊகித்ததே பெரிது. 1909இல் அவர் வெளியிட்ட 'சின்ன ஹான்ஸ்' என்னும் சிறுவனின் வரலாறு குழந்தைப்பருவச் சான்றெனப் போற்றப்படுவது. குதிரையைக் கண்டு அஞ்சிய அச்சிறுவனைப் புரொய்ட் சிகிச்சையின் பொருட்டுக் கண்டது ஒருமுறையே. எஞ்சியவை யாவும் புரொய்டின் கொள்கையில் ஈடுபாடு கொண்ட அவன் தந்தை எழுதி அனுப்பிய குறிப்புகள். தந்தையைப் பற்றி மகன் கொண்ட அச்சத்துக்குத் தந்தையே சாட்சி எழுதிய விந்தையை என்னென்பது! எந்த நிகழ்ச்சியாலும் பொய்ப்பிக்க இயலாத கொள்கை விஞ்ஞானமாகாது எனக் கார்ல் பொப்பர் எடுத்துக்காட்டியபோது உளப்பகுப்பியலையும் அவ்வரிசையிலே வைத்தார்.

எனினும் சான்றின் குறையைக் கொண்டு முழுவதையும் தள்ளிவிடுதல் தகாது. குழந்தைக்கும் அகவாழ்வு உண்டு. நாம் அறியாத காரணங்களும் நம்மை இயக்குகின்றன. அன்பு செலுத்துமிடத்தேயே பகையும் கலந்திருத்தல் கூடும்: இம்மூன்றையும் ஏற்காத ஆசிரியர் பிள்ளைகளின் நடத்தையிற் பாதியைப் புரிந்துகொள்ளார். கேள்வி கேட்கக் கற்பித்த புரொய்டை யான் மதிக்கின்றேன். ஐயம் எழுவது அக்கேள்விகளுக்கு அவர் தந்த ஒரே விடையைப் பற்றியதேயாகும்.

அவ்வையத்தை முதன்முதல் எழுப்பியவருள் ஒருவர் நம் அயல்நாட்டவர் என்பது பலரும் அறியாத செய்தி. கிரீந்திரசேகர போஸ் 1887இற் பிறந்து 1953இல் மறைந்தவர். கல்கத்தாவில் மருத்துவம் பயின்று, பின்னர் உளவியலிலும் முதுகலைப் பட்டம் பெற்றவர். ஐரோப்பாவுக்குச் சென்று ஆசான் ஒருவரிடம் பயிலாது, நூல்களைக் கொண்டும் தம் நோயாளரைக் கொண்டும் தாமே உளப்பகுப்பியலைக் கற்றார். ஒடுக்கல் பற்றி அவர் எழுதிய ஆய்வுக்கு 1921இற் கல்கத்தாப் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அந்நூலைப் புரொய்டுக்கு அனுப்பினார். அன்று தொடங்கிய கடிதத் தொடர்பு 1937 வரை நீடித்தது. இருவரும் நேரிற் சந்தித்ததில்லை. 1922இற் போசின் இல்லத்திலேயே இந்திய உளப்பகுப்பியற் கழகம் தொடங்கப்பெற்றது. வீட்டுக் கூடத்திலே தொடங்கிய அக்கழகம் உலக உளப்பகுப்பியற் கழகத்தில் ஓர் உறுப்பாகவும் ஏற்கப்பட்டது.

போசின் கொள்கை வருமாறு. ஒவ்வொரு விருப்பத்தோடும் அதற்கு எதிரான விருப்பமும் உள்ளத்திலே தோன்றுகின்றது. ஒருவனை அடிக்க விரும்புபவனிடத்தே அடிபட வேண்டுமென்ற விருப்பமும் மறைந்து கிடக்கும். மறைந்த விருப்பமே ஒடுக்கலுக்குக் காரணம். ஆதலின் அவர் நோயாளரைச் சும்மா பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தந்தையைச் சினப்பவனை அச்சினத்துக்கு இலக்காகும் தந்தையின் நிலையிலே தன்னை வைத்துக் கற்பனை செய்யுமாறு தூண்டினார். பின் மறுபடியும் மைந்தனின் நிலைக்கு மீளச் செய்தார். இரு முனையும் மாறிமாறி ஏறி இறங்கும் விளையாட்டுப் பலகை போன்றது அம்முறை.

1929இல் அவர் புரொய்டுக்கு எழுதிய கடிதம் இன்னும் துணிவுடையது. ஐரோப்பிய நோயாளரிடத்துக் காணப்படும் அறுப்பச்சம் தம் இந்திய நோயாளரிடத்து அதே உருவிற் காணப்படவில்லையென்றும், பெண்ணாக வேண்டுமென்ற விருப்பம் இந்திய ஆடவரிடத்து எளிதில் வெளிப்படுகின்றதென்றும் அதிற் குறித்தார். ஈடிப்பசு விருப்பம் மேல்நானின் அதிகாரத்துக்குப் பணிந்து அடங்குகின்றது என்ற புரொய்டின் கருத்தையும் போஸ் மறுத்தார். அவ்வதிகாரத்தை மைந்தன் வென்று மேற்செல்லும்போதே சிக்கல் தீர்கின்றது என்பது அவர் முடிபு. எதிர்விருப்பங்களின் சிறப்பைத் தாம் போதிய அளவு மதிக்கவில்லையென்பதைப் புரொய்ட் ஒப்பினார். ஆயினும் போசின் கருத்துக்குத் தம் அமைப்பினுள் இடந்தரவில்லை. 1931இல், புரொய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாக் கழகத்தார் தந்தத்தாலான திருமால் உருவம் ஒன்றை அனுப்பினர். அதனைப் புரொய்ட் தம் மேசைமீது வைத்துக்கொண்டார். உருவத்துக்குக் கிடைத்த இடம் கருத்துக்குக் கிடைக்கவில்லை.

அதே கழகத்திலே உறுப்பினராயிருந்த ஆங்கிலேயர் ஒருவரையும் இங்கே கூறாது விடல் முறையன்று. ஓவன் பெர்க்கிலி ஹில் இந்திய மருத்துவ சேவையினர். இராஞ்சியில் ஐரோப்பியருக்கான மனநோய் மருத்துவமனையின் தலைவர். 1921இல் இந்துக்களின் சமயத்தையும் மெய்யியலையும் குணத்தையும் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். நம் தூய்மைச் சடங்குகளும் ஆசாரங்களும் குழந்தையின் மலங்கழித்தற் பருவத்து உணர்ச்சிகளின் எச்சங்களே என்பது அதன் சாரம். மற்றோர் ஆங்கிலேயரான டேலி என்னும் படைத்துறையாளர் 1930இல் வங்காளப் புரட்சியாளரின் உளவியலை எழுதினார். அரசியல் விடுதலை வேட்கை அங்கே மனநோய்க் குறியாயிற்று. நோயாளி ஒருவனோடு பல மாதங்கள் அமர்ந்து கேட்ட பின்னரே கூறத்தகும் சொற்களை, ஆளுவோர் தாம் ஆண்ட மக்கட்கூட்டம் முழுவதன்மேலும் சார்த்தினர். ஆசிரியர் அறையிற் கூறப்படும் தீர்ப்பும் இவ்வினத்ததே. அளவு மாத்திரமே சிறிது.

நிற்க. மகன் தந்தையைக் கொல்லும் கிரேக்கக் கதை நம் மரபில் எவ்வாறு காணப்படுகின்றது? 1929இல் மைசூரிற் பிறந்து 1993இற் சிக்காகோவிலே மறைந்த அறிஞர் ஏ. கே. இராமானுசன் 'இந்திய ஈடிப்பசு' என்னும் கட்டுரையிலே இதனை ஆராய்ந்தார். நம் கதைகளிலே தாக்குபவன் பெரும்பாலும் தந்தை, இழப்பவன் மைந்தன். யயாதி தன் மூப்பைப் பூருவுக்குக் கொடுத்து அவன் இளமையை வாங்கிக்கொண்டான். சந்தனுவின் காதற்பொருட்டு வீடுமர் இல்லறத்தைத் துறந்தார். விநாயகரின் சிரத்தைச் சிவபெருமான் அரிந்தார். பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் வரலாற்றையும் இவற்றோடு சேர்த்தெண்ணத் தோன்றும். ஆயின் அங்கே மைந்தன் மீண்டு ஓடிவருகின்றான் என்பதையும் மறத்தலாகாது. இராமானுசனின் கட்டுரை மிகக் கூரியது. எனினும் அம்பின் திசையை மாற்றியதேயன்றித் தந்தை, மைந்தன் என்னும் இருமுனைப் போரை அது விட்டு நீங்கவில்லை.

நம் மரபிலே போர் என்ற சொல்லுக்கே இடமில்லாத ஒரு தீர்வும் உண்டு. பிரணவத்தின் பொருளறியாத பிரமனைச் சிறையிட்ட முருகனிடம் சிவபெருமான் அப்பொருளைத் தாம் கேட்க விரும்பினார். மைந்தன் குருவாயிருக்கத் தந்தை மாணவனாய்க் கேட்டார். சுவாமிமலையில் அவன் தகப்பன்சாமி. மைந்தன் அதிகாரத்தை வெல்கின்றான். ஆயினும் தந்தை அழியவில்லை, நாணவுமில்லை. போஸ் கல்கத்தாவில் நோயாளரிடத்துக் கண்டதாகக் கூறிய தீர்வுக்கும் இதற்குமுள்ள ஒற்றுமை என்னைப் பலமுறை வியப்பில் ஆழ்த்தியதுண்டு. கனி பெறாது சினந்து மலையேறிய முருகனையும் நம் மக்கள் மறக்கவில்லை. ஒரே தெய்வத்தைப் பற்றிய இரு கதைகளுள் ஒன்றிலே தந்தை பணிகின்றார். மற்றொன்றிலே மைந்தன் வீட்டைவிட்டு நீங்குகின்றான். இவற்றைக் கொண்டு தமிழ்ச் சிறுவனின் உள்ளம் இத்தகையது என நிறுவப் புகுந்தால் அது பெர்க்கிலி ஹில்லின் வழியே செல்வதாகும். மனித உள்ளம் இப்பகையை ஒரே வகையாகத்தான் முடிக்கவேண்டும் என்னும் நியதி இல்லை என்பதற்கு மாத்திரம் இவை சான்றாகும்.

தந்தையைக் கொன்ற மைந்தன் நம் தீவிலும் இருந்தான். கி.பி. 5ஆம் நூற்றாண்டிலே தாதுசேனனைக் கொன்று அரசெய்திய காசியப்பன் சிகிரியாக் குன்றின்மேல் அரண்மனை அமைத்தான். சூளவம்சம் கூறும் காரணங்களோ, அரியணைக்கு உரியவன் எத்தாய் வயிற்று மைந்தன் என்ற வழக்கும், தாதுசேனன்மீது தனிப்பகை கொண்ட சேனாபதியின் தூண்டுதலுமாம். ஈடிப்பசுவின் பெயரைச் சொல்லி இவ்வரலாற்றை விளக்கிவிட்டோமெனின் அரசியல் முழுவதும் கண்ணுக்கு மறைந்துபோகும்.

இலங்கையர் ஒருவர் உளப்பகுப்பியலை எவ்வாறு கையாளலாம் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டுக் கணநாத ஒபயசேகர அவர்களின் நூல்கள். பேராதனையிற் பயின்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராயிருந்த அவர், 1981இல் 'மெடூசாவின் கூந்தல்' என்ற நூலை வெளியிட்டார். கதிர்காமத்திலே சடைமுடி தரித்துத் தீமிதிக்கும் துறவியரைப் பற்றியது அந்நூல். சடைமுடி பாலுணர்வின் குறி என்று உளப்பகுப்பியலார் சிலர் கூறியிருந்தனர். இலங்கையிலும் களப்பணி செய்த மானிடவியலறிஞர் எட்மண்ட் லீச் 1958இல் அதனை மறுத்து, பொதுவழக்கான குறியிலிருந்து தனியொருவரின் உள்ளத்தை அறியவியலாது என்று வாதித்தார். ஒபயசேகர இரண்டிலும் அடங்காது, அப்பெண்களிடம் சென்று அவரவர் வாழ்க்கை வரலாற்றைக் கேட்டார். குடும்பத்திலே பட்ட துன்பம், இறந்தோரைப் பற்றிய குற்றவுணர்ச்சி, தெய்வமேறுதல், சடை தோன்றுதல் என ஒருவருக்கு நிகழ்ந்தவை மற்றவருக்கு நிகழ்ந்தபடியே இல்லை. மரபு தந்த பொதுக்குறியை ஒவ்வொருவரும் தம் சொந்தத் துன்பத்துக்கு மொழியாக்கிக்கொண்டனர். நோயாய் நின்றிருக்கக்கூடியது வழிபாடாய் மாறியது. 1990இல் வெளியிட்ட மற்றொரு நூலிலே இம்மாற்றத்தைப் பண்பாடு செய்யும் வேலை என விரித்துரைத்தார். பெர்க்கிலி ஹில் சடங்கைக் கண்டு மனிதரை இகழ்ந்தார். ஒபயசேகர மனிதரைக் கேட்டுச் சடங்கை அறிந்தார். இருவரும் படித்தது ஒரே புரொய்டைத்தான்.

குடும்ப அமைப்பே வேறாயின் என்னாகும் என்னும் வினா இன்னும் எஞ்சியுள்ளது. மலினோவ்ஸ்கி 1927இல் வெளியிட்ட நூலிலே, பசிபிக் சமுத்திரத்து டிரோபிரியாண்டுத் தீவுகளிலே பிள்ளையைக் கண்டிப்பவன் தாய்மாமன் என்றும், தந்தை விளையாட்டுத் தோழன் போன்றவனென்றும், ஆதலால் அங்கே பகை மாமன்மேற் செல்கின்றதென்றும் எழுதினார். எர்னஸ்ட் ஜோன்ஸ் என்னும் புரொய்டின் சீடர் இதற்கு விடையிறுத்தார்: தந்தைமேலுள்ள பகையை மறைப்பதற்காகவே தாய்வழிமுறை தோன்றியதாம்! மறுப்பையே சான்றாக மாற்றும் இவ்வாதத்துக்கு எதிரே யார் வாய்திறக்க முடியும்? மலினோவ்ஸ்கியின் சான்றுகளை மீளாய்ந்த மெல்போர்ட் ஸ்பைரோ, தந்தைமேற் பகை அங்கும் உண்டு என 1982இல் எழுதினார். அதனையும் கூறுதல் நேர்மை.

இவ்வினாவுக்கு நாம் பசிபிக் தீவுகளுக்குச் செல்ல வேண்டியதில்லை. மட்டக்களப்பிலே குடி தாய்வழி வருவது. வீடு பெண்ணுக்கு உரியது. மருமகன் மனைவியின் வீட்டுக்குக் குடிபோகின்றான். யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலும் பெண்ணின் சீதனம் தனிச்சொத்து. தாய்மாமனுக்கு நம்மவர் சடங்குகளிலே உள்ள இடம் யாவரும் அறிந்தது. வியன்னாவின் நடுத்தரக் குடும்பத்திலே சொத்து, சட்டம், தண்டனை, தெய்வத்தின் பெயரால் அதட்டுதல் எல்லாம் ஒரு தந்தையிடத்தே குவிந்திருந்தன. நம் வீட்டிலே இவை அம்மம்மாவுக்கும் மாமாவுக்கும் பெரியப்பாவுக்கும் பங்கிடப்பட்டுள்ளன. தமிழ்நாட்டுக் குடும்பமொன்றோடு வாழ்ந்து மார்கரெட் டிராவிக் என்னும் அமெரிக்க அம்மையார் 1990இல் வெளியிட்ட நூலும், அன்பும் தாய்மையும் பலரிடையே பகிரப்படுவதைக் காட்டுகின்றது. ஒருவர் செய்யும் கண்டிப்பை மற்றொருவர் மடியிலே மறக்கலாகும் இல்லத்தில் மேல்நான் ஒற்றைக் குரலிலே பேசும் என எதிர்பார்த்தல் எங்ஙனம்?

ஐந்து வயதிலே ஆளுமை முடிந்துவிடும் என்னும் முடிபுக்கு எதிரான சான்றும் நம்மிடமே மிகுதி. எரிக் எரிக்சன் 1950இல் வளர்ச்சியை முதுமை வரை எட்டுப் படிகளாக நீட்டினார் என்பதைக் கைந்நூல்களும் கூறும். நம் அனுபவம் அதனினும் கொடியது. யாழ்ப்பாணத்திலே பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட நூலிலே, போர் மக்களின் உள்ளங்களில் ஏற்படுத்திய வடுக்களை எழுதினார். 1983இலும் 1995இலும் 2009இலும் இடம்பெயர்ந்தோருள் இளமையிலே குறைவற வளர்ந்தோரும் இருந்தனர். முதிர்ந்த வயதிலே அவர்தம் உள்ளம் உடைந்தது. பின்னர்த் தேறினோரும் உளர். உறவினர், கோயில், ஊர், தொழில் என்பவற்றுள் எஞ்சியவை எவையோ அவற்றைப் பற்றியே பலர் எழுந்தனர். இவற்றையெல்லாம் தொட்டிற்பருவத்துக்குள் அடக்குதல் இயலாது.

கொழும்பின் வகுப்பறைகளிலே இன்று காண்பது இன்னொரு வகை. வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளிலிருந்தும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலிருந்தும் வரும் பிள்ளைகளுட் சிலரின் தந்தையர் கனடாவிலோ கத்தாரிலோ தொழில் செய்கின்றனர். 'நான் மிகவும் அஞ்சும் ஒருவர்' என்ற தலைப்பிலே ஒன்பதாம் வகுப்பு மாணவரைக் கட்டுரை எழுதப் பணித்தேன். தந்தையை எழுதினோர் இருந்தனர். தாயை எழுதினோரும், அம்மம்மாவை எழுதினோரும், தனியார் வகுப்பு ஆசிரியரை எழுதினோரும் இருந்தனர். ஒரு மாணவன், 'அப்பாவிடம் சொல்லுவேன்' என்று அம்மா வெருட்டுவதாகவும், ஞாயிற்றுக்கிழமை கைத்தொலைபேசியிலே அப்பாவின் முகத்தைக் கண்டால் தனக்குச் சிரிப்பே வருவதாகவும் எழுதியிருந்தான். இவர்களுக்கு எந்த அதிகாரத்தை எடுத்து விளக்கம் கூறுவது?

போசின் முறை நினைவுக்கு வந்தது. மருத்துவம் செய்யும் தகுதி எனக்கில்லை. கட்டுரை எழுதுவிக்கும் உரிமை உண்டு. அடுத்த கிழமை அதே கட்டுரையை, தாம் அஞ்சுவதாகக் கூறிய அவ்வொருவராக நின்று எழுதுமாறு சொன்னேன். பலர் கொப்பியிலே அரைப்பக்கத்தோடு நின்றுவிட்டனர். தாய்க்கு அஞ்சுவதாக முன்னர் எழுதியிருந்த ஒருவன் மூன்று பக்கம் எழுதினான். இரவு பத்து மணியாகியும் வீடு திரும்பாத மகனைப் பற்றி, மறுநாள் தொலைபேசியிலே கணவன் கேட்டால் என்ன விடை சொல்வது என்று பல்கணியில் நின்று அஞ்சும் ஒருத்தி அப்பக்கங்களிலே இருந்தாள்.